தேர் ஞாயிற்றுக்கிழமை ஓடட்டும்

ஜெர்மனியின் ஹம் நகரில், ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் இருக்கிறது ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 1989இல் ஒரு நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002இல் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. இங்கே தேர் ஓடுவது ஞாயிற்றுக்கிழமையில். விடுமுறைக்காகத் திருவிழா நாளை வளைக்கலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. திதியும் நட்சத்திரமும் பார்த்து நாள் குறிப்பது வெறும் சடங்கல்ல. ஆனால் கருவறைக்கு வர இயலாதவர்களையும் தேடித் தெய்வமே வீதிக்கு வருவதுதான் தேர்த்திருவிழா. ஊர் கூடாமல் தேர் நகராது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்து, ஆலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கோயில் இது. வேலை நாளில் தேர் ஓடினால் வடம் பிடிக்க வருபவர் எத்தனை பேர்? ஞாயிறன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். ஆண்களும் பெண்களும் வடம் பிடிக்க, தேருக்குப் பின்னால் வெற்று உடம்போடு தார்ச்சாலையில் பிரதட்டை செய்து உருள்கிறார்கள் அடியார்கள். தீர்த்தமாட அம்பாள் போவது பக்கத்துக் கப்பல் கால்வாய்க்கு.

நாளை மாற்றியவர்கள் புலம்பெயர்ந்தவர்கள் மட்டுமல்ல. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையின் வரலாறு. அதனால் மரபு குலைந்ததாக இன்று யாரும் சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவே மதுரையின் முகமாகிவிட்டது. ‘அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?’ என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்ற வரிசை குலையக் கூடாது. அம்பாள் வீதிக்கு வருவது நிற்கக் கூடாது. வடத்திலிருந்து எவர் கையையும் விலக்கக் கூடாது.

மூன்றில் கடைசியைத்தான் நாம் அதிகம் மீறியிருக்கிறோம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், பட்டியல் சாதியினர் வடம் தொடுவதா என்ற சச்சரவில் தேரே பல ஆண்டுகள் ஓடவில்லை. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தது. அங்கெல்லாம் நாள் பிசகவில்லை, நட்சத்திரம் பிசகவில்லை. திருவிழாவின் உயிர்தான் பிசகியது. ஜெர்மனியில் கோயில் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: நாளைப் பற்றிய கவலையை விடுங்கள். வேடிக்கை பார்க்க வரும் ஜெர்மானியர் கையிலும் வடத்தைக் கொடுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தேரின் பொருளை அவர்களுக்குப் புரியும் மொழியில், அது ஜெர்மனாக இருந்தாலும், சொல்லிக் கொடுங்கள்.