கிருபை உண்டு, பந்தி இல்லை

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து திருப்பெரும்புதூர் போகும் வழியில் ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் தெரியும். இரவு ஷிப்டு முடித்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், தூக்கம் கலையாத கண்களோடு, கடை மாடிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் நடக்கும் சபைகளுக்குப் போவார்கள். அங்கே கேட்கும் செய்தி ஒன்றுதான்: நியாயப்பிரமாணத்தால் அல்ல, விசுவாசத்தினால், கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு. வாரம் முழுக்க டார்கெட்டால் அளக்கப்படும் ஒரு மனிதருக்கு, அளக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒருவர் உண்டு என்பது சின்ன ஆறுதல் அல்ல. தோழர்கள் சிலர் இதை அபின் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள், அது சோம்பேறித்தனம். என் சண்டை அந்தச் செய்தியோடு அல்ல, அதைப் பாதியில் நிறுத்திவிடும் போதகர்களோடு.

இந்தப் போதனை பிறந்தது எங்கே? சாப்பாட்டுப் பந்தியில். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் பின்னாலேயே போனார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்டார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவரும் நீதிமானாவதில்லை என்ற கருத்து கலாத்தியர் கடிதத்தில் முதலில் வருவது, இந்தச் சண்டையைச் சொன்ன கையோடுதான். பவுலின் எதிரி யூத மதம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பவுலே யூதர், பேதுருவும் யூதர். புண்ணியக் கணக்குப் போட்டு இரட்சிப்பை வாங்கப் பார்த்தவர்கள் யூதர்கள் என்ற பழைய சித்திரத்தை, 1977 இல் இ.பி. சாண்டர்ஸின் நூல் வந்த பிறகு ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள். அந்தியோகியாவில் வழக்கு, யார் யாரோடு உண்பது என்பதுதான். தமிழில் மொழிபெயர்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, 'புறஜாதியார்' என்று போட்டுவிட்டார்கள். சேரியில் பிறந்து அதை வாசிப்பவருக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் இந்தப் போதனை தமிழ் மண்ணில் இறங்கியபோது என்ன ஆனது? விசுவாசம் மட்டுமே என்ற லுத்தரின் முழக்கத்தோடு சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அந்த மிஷனின் ஆலயங்களில் சூத்திரக் கிறித்தவர்களுக்கு ஒரு பக்கம், பறையர் கிறித்தவர்களுக்கு இன்னொரு பக்கம். தஞ்சைப் பகுதியில் பலரைச் சபைக்குக் கொண்டுவந்த உபதேசியார் இராசநாயக்கன், பறையர் வகுப்பில் பிறந்த முன்னாள் படைவீரர். அவரைக் குருவாக்கலாமா என்ற பேச்சு வந்தது. அவர் கையால் வெள்ளாளர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். 1741 இல் வெள்ளாளரான தியோகு குருவானார். கிருபை விலையில்லாமல் கிடைக்கும்; யார் கையால் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

1833 இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள், பலர் வெளியேறினார்கள். வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். 1850 இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்த உணவைத் தயங்காமல் உண்பதை ஒரு சோதனையாகவே வைத்தது. இதை எதிர்த்தது யார்? விசுவாசத்தினால் நீதிமானாதல் என்ற கொள்கையில் எல்லோரையும்விடக் கறாரான லைப்சிக் லுத்தரன் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் வாதத்தைக் கவனியுங்கள்: சாதி ஒரு சமூக வழக்கம், இரட்சிப்புக்குச் சம்பந்தமில்லாதது, அதைக் கட்டாயத்தால் ஒழிக்கக் கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்லக் கரைக்கும். அதாவது, சாதியை விடச் சொல்வதுதான் சட்டவாதம்! பேதுருவைப் பந்திக்குத் திரும்பக் கூப்பிட்ட போதனையை, பேதுரு தனிப்பந்தியிலேயே உட்கார்ந்திருக்க அனுமதிச் சீட்டாக மாற்றிவிட்டார்கள்.

அந்தச் சீட்டு இன்றும் செல்லுபடியாகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி இங்கே பலர் எழுதியாயிற்று. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதிலிருந்து மூண்ட மோதல், 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016 இல் தன் கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. ஒரகடத்து மாடிச் சபைகள், தங்களிடம் இந்த நோய் இல்லை என்கின்றன. ஆய்வுக்காக அவற்றில் சிலவற்றுக்குப் போய் வருகிறேன். பாய் ஒன்றுதான், டம்ளர் ஒன்றுதான், உண்மை. திருவண்ணாமலைக்காரரும் தூத்துக்குடிக்காரரும் தோளோடு தோள் உட்காருகிறார்கள். வரன் பார்க்கும் பேச்சு வரட்டும், அன்றைக்கு 'நம்ம ஆளுங்களா' என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர் போதகர் வீட்டாராகவும் இருப்பார். இறந்தால் உடல் சொந்த ஊருக்குப் போகும், அங்கே எந்தக் கல்லறைக்கு என்பது பிறக்கும்போதே முடிவானது.

கிருபைக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளம் கிறித்தவத்துக்கு மட்டும் சொந்தமல்ல. இராமானுசர் பிறந்த ஊர் இதே திருப்பெரும்புதூர். குட்டி குரங்கைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனை தானாகக் கவ்விக்கொண்டு போகுமா என்று சரணாகதியைப் பற்றி அவர் வழி வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். ஆனால் சென்னை மாகாணத்தில் தீண்டப்படாதோருக்குக் கோயிலுக்குள் நுழையும் உரிமையைத் தந்தது வடகலையும் அல்ல, தென்கலையும் அல்ல, 1947 இன் ஆலய நுழைவுச் சட்டம்.

அதனால்தான் 'சட்டம் வேண்டாம், கிருபை போதும்' என்று போதகர் தலித் விசுவாசியிடம் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. பவுல் உடைத்தது மனிதரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட கட்டுப்பாட்டை. நம் ஊரில் அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் சாதி. அதைத் தொடாமல், வன்கொடுமை வழக்குப் போடாதே, மன்னித்துவிடு என்பது என்ன சுவிசேஷம்?

அரசு செய்வதோ இன்னும் விசித்திரம். 1950 ஆணையின்படி இந்துக்களே பட்டியல் சாதியினர். 1956 இல் சீக்கியர்களும் 1990 இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்களும் முசுலிம்களும் வெளியேதான். சென்னை அண்ணா சாலை ஓரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி, 1982 இல் இந்து செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே ஆழத்தில் கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985 இல் அவர் மனு தள்ளுபடியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் மாறியவருக்கு இல்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற சுவிசேஷத்தை முழுதாக நம்புவது தில்லியின் சட்ட அமைச்சகம் மட்டும்தான் போலும்.

ஆகவே பலர் சான்றிதழில் இந்துவாகவும் சபையில் கிறித்தவராகவும் வாழ்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒரு வழக்கில், இது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. போதகர்களும் மேடையில் இதையே இரட்டை வேடம் என்று திட்டுகிறார்கள். நீதிமன்றத்தை விடுங்கள், இதைச் சொல்லப் போதகருக்கு என்ன அருகதை? விருத்தசேதனம் என்ற வெளி அடையாளம் இரட்சிப்புக்கு வேண்டாம் என்றால், வட்டாட்சியர் அலுவலக முத்திரை மட்டும் எப்படி இரட்சிப்பைக் கெடுக்கும்?

போதகர்களிடம் கேட்பது ஒன்றுதான். சாதி பார்த்து வரன் தேடுகிறவருக்கும், தனிக் கல்லறை கேட்கிறவருக்கும் இராப்போசனம் இல்லை என்று அடுத்த ஞாயிறு அறிவியுங்கள். ஆட்கள் குறைவார்கள். காணிக்கை குறையும், மாடி வாடகை கொடுப்பது சிரமமாகும். 1833 இல் தஞ்சாவூரிலும் ஆட்கள் எழுந்துதான் போனார்கள்.