குழந்தைக்கு வயது என்ன?

நலவாழ்வுப் பகுதி

மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, "வயது என்ன?" என்பது. பெரியவர்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு அவ்வளவு கூர்மை இல்லை. நாற்பத்திரண்டு வயதுடையவர் நாற்பது என்று சொன்னாலும் அவருக்குரிய மருத்துவம் பெரும்பாலும் மாறுவதில்லை. கைக்குழந்தையின் நிலை அவ்வாறன்று. அதன் வயதில் சில நாள்கள் கூடினாலோ குறைந்தாலோ நோயைப் பற்றிய முடிவே மாறிவிடக்கூடும். அன்புள்ள பெற்றோரே, மருத்துவமனைகளில் தொண்டாற்றும் சகோதர சகோதரிகளே, குழந்தையின் வயதை எவ்வாறு சொல்வது, எவ்வாறு எழுதுவது என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

ஓர் எண், பல பொருள்

சீட்டில் "வயது 1" என்று எழுதியிருந்தால் அது ஒரு நாளா, ஒரு மாதமா, ஓர் ஆண்டா? "6 எம்" என்று எழுதினால், அந்த 'எம்' மாதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தா, ஆண்பிள்ளையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தா? ஐந்து மாதத்தை "5/12" என்று எழுதும் ஆங்கிலேயர் காலத்து வழக்கம் இன்றும் உண்டு. அதை அறியாதவர் டிசம்பர் 5 என்று படித்துவிடலாம்.

கணிப்பொறி வந்தபின் குழப்பம் தீர்ந்துவிடவில்லை. வயதை முழு ஆண்டுகளில் மட்டுமே ஏற்கும் பதிவுமுறையில் ஓராண்டு நிரம்பாத குழந்தைகள் யாவருக்கும் பூச்சியம் என்றே விழுகிறது. பிறந்து மூன்று மணி நேரமே ஆன சிசுவும், சுவரைப் பிடித்து நடக்கப் பழகும் பதினொரு மாதப் பிள்ளையும் அங்கே ஒன்றுதான். முதல் வருகையில் எழுதிய வயதே மறுவருகையிலும் மாறாமல் நிற்பது இன்னொரு குறை. மூன்றாம் மாதத்தில் வந்த குழந்தை ஒன்பதாம் மாதத்தில் வந்தாலும் ஏட்டில் அதற்கு மூன்று மாதமே!

நடக்கிற மாதமும் நிரம்பிய மாதமும்

வீட்டில் நாம் எண்ணும் முறை வேறு. மருத்துவர் எண்ணும் முறை வேறு. "ஒன்பதாவது மாதம் நடக்கிறது" என்று பாட்டி சொன்னால், நிரம்பியவை எட்டு மாதங்களே. தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசியின் முதல் தவணையோ ஒன்பது மாதங்கள் நிரம்பியபின் போடப்படுவது. ஆறாம் வாரத் தடுப்பூசி என்றால் பிறந்து 42 நாள்கள் நிரம்பியிருத்தல் வேண்டும். "ஒரு மாதம் ஆயிற்று" என்றால் அது 28 நாளா, 30 நாளா என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுவது தொன்மையான வழக்கம். நம் ஆண்டவர் வெள்ளியன்று மரித்து, ஞாயிறன்று மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று அறிக்கையிடுகிறோமே, அது இந்த வழக்கப்படியே. எட்டாம் நாளில் குழந்தை இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்து பெயரிட்டதாக லூக்கா எழுதுவதும் இவ்வாறே. இன்றைய மருத்துவக் கணக்கில் அன்று அவருக்கு நிரம்பிய வயது ஏழு நாள். இரண்டு முறைகளுமே குற்றமற்றவை. ஆனால் ஒரே ஏட்டில் இரண்டும் கலந்துவிட்டால் எதையும் நம்ப இயலாது.

சில நாள்களில் என்ன மாறிவிடும்?

குழந்தைக்குச் சளியும் இருமலும் கண்டால், நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று செவிலியர் எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிரம்பும்வரை அவ்வெல்லை 50. அதன்பின் ஐந்து வயதுவரை 40. ஒரு குழந்தை 54 முறை மூச்சு விடுகிறது என்று கொள்வோம். ஏழு வாரக் குழந்தையானால் எல்லைக்கு உட்பட்டது. பத்து வாரக் குழந்தையானால் நிமோனியாவோ என்று ஐயுற வேண்டியது. "ஏறக்குறைய இரண்டு மாதம்" என்ற விடை இங்கே எதற்கும் உதவாது. மேலும், இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியத்திற்கு இடமில்லை. அதை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலையில் நாள்கணக்கும் போதாது, மணிக்கணக்கு வேண்டும். பிறந்து 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தோன்றினால் அது எப்போதும் ஆராய்ந்தறிய வேண்டிய அறிகுறி. இரத்தத்தில் பிலிருபின் 10 மில்லிகிராம் என்று பரிசோதனை கூறினால், நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு நான்காம் நாளில் அது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. அதே அளவு இருபதாம் மணியில் காணப்பட்டால் மருத்துவர் விரைந்து செயற்பட வேண்டும். பிறந்த நேரம் ஏட்டில் இல்லையென்றால் அவர் எதைக் கொண்டு முடிவு செய்வார்?

மருந்திலும் அவ்வாறே. 28 நாள் நிரம்பாத சிசுவுக்குச் சிரைவழியே கால்சியம் ஏற்றும் தேவையிருந்தால், செஃப்ட்ரியாக்ஸோன் என்னும் ஊசிமருந்தைக் கொடுக்கலாகாது என்பது விதி.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயது இரண்டு. 32ஆம் வாரத்தில், அதாவது எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், அதன் வளர்ச்சியை ஏறக்குறைய நான்கு மாதக் குழந்தையின் வளர்ச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். "அடுத்த வீட்டுப் பிள்ளை உட்காருகிறதே, என் பிள்ளை உட்காரவில்லையே" என்று தாய் கலங்குவதற்குக் காரணமில்லை. இரண்டு வயதுவரை இந்தத் திருத்திய வயதைக் கொண்டே வளர்ச்சியை அளப்பர். தடுப்பூசியை மட்டும் பொதுவாகப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிடுவர். ஆதலின் பிறந்த தேதியோடு, கருவில் இருந்த வாரங்களும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும்.

வயதில்லாத ஏடுகள்

1662ஆம் ஆண்டில் லண்டன் நகரத் துணிமணி வணிகர் ஜான் கிராண்ட் என்பவர், பங்குகளின் எழுத்தர்கள் தொகுத்த வாராந்தர இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர் இவர். எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்று அறிய விரும்பினார். ஆனால் பட்டியல்களில் நோயின் பெயர் இருந்ததேயன்றி வயது இல்லை. குழந்தைகளைத் தாக்கும் நோய்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, நூற்றுக்கு ஏறக்குறைய 36 பேர் ஆறு வயதுக்குள் மடிகின்றனர் என்று மதிப்பிட்டார். அப்பட்டியல்களில் 'கிறிசோம்' என்றொரு சொல் உண்டு. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு அணிவிக்கும் வெள்ளை ஆடையின் பெயர் அது. பிறந்த ஒரு மாதத்திற்குள் இறந்த குழந்தையை அந்த ஆடையிலேயே பொதிந்து அடக்கம் செய்தமையால் குழந்தைக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. வயதில்லாத ஏட்டில் வயதைக் காட்டிய ஒரு தடயம், திருமுழுக்கு ஆடை! லண்டன் பட்டியல்களில் இறந்தோரின் வயது இடம்பெறத் தொடங்கியது 1728இல்தான்.

இன்றும் இதன் நிழல் நீங்கவில்லை. பதினொரு மாதம் இருபது நாளில் இறந்த குழந்தையை "ஒரு வயதில் போய்விட்டது" என்று பெற்றோர் சொல்வர். அச்சொல்லை அப்படியே எழுதினால், ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகளின் கணக்கிலிருந்து அது நழுவிவிடும். இதை அறிந்தே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒரு மாதத்திற்குள் நேர்ந்த இறப்பை நாள்களிலும், இரண்டு ஆண்டுக்குள் நேர்ந்ததை மாதங்களிலும் எழுதுமாறு பணிக்கின்றனர்.

கைக்கொள்ள வேண்டிய முறை

மருத்துவமனையில் ஏடு எழுதுவோர் நான்கு நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவது, வயதைவிடப் பிறந்த தேதியே தலையாயது. தேதியையும் நேரத்தையும் ஒருமுறை சரியாகப் பதிந்துவிட்டால், ஒவ்வொரு வருகையிலும் வயதைப் புதிதாகக் கணக்கிடலாம்.

இரண்டாவது, நிரம்பியதையே எழுதுக. முதல் 24 மணி நேரத்தில் மணிக்கணக்கு. 28 நாள் நிரம்பும்வரை நாள்கணக்கு. பின்னர் இரண்டு ஆண்டுவரை மாதமும் எஞ்சிய நாளும். அனைத்துலக நோய் வகைப்பாட்டின்படி பிறந்த நாள் பூச்சியம் நாளே. மறுநாள்தான் முதல் நாள்.

மூன்றாவது, நாள், மாதம், ஆண்டு என்ற சொல்லை முழுமையாக எழுதுக. எழுத்துச் சிக்கனம் இங்கே வேண்டாம்.

நான்காவது, தேதி உறுதியாகத் தெரியாவிடில் ஜனவரி 1 என்று இட்டு நிரப்பாது, தோராயம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுக. அதற்குமுன் குடும்பத்தாரைப் பொறுமையுடன் கேட்டறிக. "வேளாங்கண்ணி மாதா கொடியேற்றத்திற்கு மறுநாள் பிறந்தான்" என்று பாட்டி சொன்னால், அது ஆகஸ்டு 30 என்று திட்டமாக எழுதிவிடலாம். "மூன்று மாதம் இருக்கும்" என்பதினும் அவருடைய திருவிழாக் கணக்கு நுட்பமானது.

பெற்றோரின் கடமை எளியது. தாய்-சேய் நல அட்டையை மருத்துவமனைக்குத் தவறாது எடுத்துச் செல்லுங்கள். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் சூட்டத் தாமதமாயினும் பதிவு தாமதிக்க வேண்டியதில்லை; பெயரைப் பின்னர்ச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அதற்குப்பின் பிறந்தோர் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழாலேயே மெய்ப்பிக்க வேண்டும். பங்கின் திருமுழுக்கு ஏட்டில் திருமுழுக்குத் தேதியோடு பிறந்த தேதியும் எழுதப்படுகிறது. இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள். பங்குத்தந்தையிடம் சொல்லும் தேதியும் மருத்துவமனையில் சொல்லும் தேதியும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. சில குழந்தைகள் ஒரு மணி நேரமே வாழ்ந்து இறைவனிடம் திரும்புகின்றன. அவற்றை "இறந்து பிறந்தது" என்று எழுதி முடித்துவிடும் போக்கு சில இடங்களில் உண்டு. இது முறையன்று. பிறந்தபின் மூச்சோ, இதயத் துடிப்போ, வேறு உயிர்க்குறியோ சிறிது நேரம் தென்பட்டாலும் அது உயிருடன் பிறந்த குழந்தையே. பிறப்பு, இறப்பு ஆகிய இரண்டும் பதியப்பட வேண்டும். அத்தகைய குழந்தைக்கு ஆபத்து வேளையில் ஒரு செவிலியர்கூடத் திருமுழுக்கு அளிக்கலாம் என்றும், அதைப் பங்குத்தந்தைக்கு அறிவித்து ஏட்டில் ஏற்ற வேண்டும் என்றும் திருச்சபை கற்பிக்கிறது. திருச்சபை அக்குழந்தையைப் பெயர் சொல்லி ஏற்கும்போது, மருத்துவமனை ஏடு அதன் வயதைப் பூச்சியம் என்று விடலாமா? "ஒரு மணி, பத்து நிமிடம்" என்று எழுதட்டும். அவ்வளவு நேரம் அது நம்மோடு வாழ்ந்தது.

இன்று இரவு குடும்பச் செபம் முடிந்தபின், வீட்டுத் திருவிவிலியத்தின் முதல் தாளில் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்த தேதி, நேரம், கருவில் இருந்த வாரங்கள், பிறந்தபோது இருந்த எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட நேரும்போது, அந்த ஒரு வரி மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.