கிளீன் பூஸ்ட் வெறும் வால்யூம் பெட்டி அல்ல

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்போரிடையே கிளீன் பூஸ்ட் பெடல் குறித்து ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. அது சத்தத்தைக் கூட்டுமே தவிர ஒலியின் தன்மையைத் தொடாது. ஆம்பின் வால்யூம் குமிழைத் திருகினால் கிடைப்பதற்குத் தனியாக ஒரு பெடல் எதற்கு என்பது அந்தக் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், மின்சுற்றின் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது நிற்காது.

முதலில், ஆம்பின் குமிழும் பூஸ்ட் பெடலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது தவறு. பல வால்வு ஆம்ப்களில் வால்யூம் குமிழ் முதல் வால்வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை எவ்வளவு திருகினாலும் முதல் வால்வுக்குள் நுழையும் சிக்னல் மாறாது. பூஸ்ட் பெடலோ அந்த வால்வின் வாசலிலேயே சிக்னலைப் பெருக்கித் தருகிறது. ஆம்ப்களில் பரவலாக உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் கட்டம், வழக்கமான அமைப்பில், ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் உச்சம் வரை சிதைவின்றித் தாங்கும். பிக்கப்பிலிருந்து 0.3 வோல்ட் வரும்போது அது அமைதியாக இருக்கும். அதே சிக்னலை 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு கூட்டினால் 3 வோல்ட் வந்து விழும். வால்வு அலையின் உச்சியை மழுங்கடிக்கத் தொடங்கிவிடும். கிட்டாரில் உள்ள குமிழாலும் இது முடியாது. மின்கலம் இல்லாத சாதாரண கிட்டாரில் அது சிக்னலைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது.

பூஸ்ட் போட்டால் சத்தம் கூடும் என்பதும் எல்லா நேரத்திலும் உண்மையல்ல. ஏற்கெனவே கரகரக்கும் அளவுக்கு முறுக்கி வைத்த வால்வு ஆம்பில் 10 டெசிபல் பூஸ்ட்டை மிதித்தால் சத்தம் சற்றுத்தான் உயரும். மாறாக, பிக் தந்தியில் படும் கூர்மை தணியும், ஸ்வரம் நீண்டு நிற்கும், கரகரப்பு தடிக்கும். ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிட்டதால், கூடுதலாக வரும் மின்னழுத்தம் சத்தமாகாமல் சிதைவாகிறது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எல்பிபி-1 பெடல் 1960களின் இறுதியில் வந்தபோது கிட்டார்க்காரர்களை ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றை டிரான்சிஸ்டர் கொண்ட அந்தச் சின்னப் பெட்டி, சிதைவில்லாமல் ஸ்வரத்தை நீட்டும் வேறொரு கருவிக்கான முயற்சியின்போது துணையாகப் பிறந்தது. ஆனால் ஆம்பைக் கரகரக்க வைத்துத்தான் பெயர் பெற்றது.

ஒலியின் தன்மையை பூஸ்ட் தொடாது என்ற வாதத்துக்கு கேபிளே பதில் சொல்கிறது. கிட்டார் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் கொண்டது. ஆறு மீட்டர் கேபிள் என்றால் 600. பிக்கப்பின் உயர்ந்த மின்மறுப்போடு இது சேரும்போது மேல் அதிர்வெண்கள் தேய்ந்து ஒலி மங்கும். கிட்டாருக்கு அருகே, குட்டைக் கேபிளில் ஒரு பூஸ்ட்டை வைத்தால், அதன் தாழ்ந்த வெளியீட்டு மின்மறுப்பு பின்னால் வரும் நீண்ட கேபிளைச் சுலபமாக ஓட்டும், பளபளப்பு திரும்பிவிடும். அணைந்திருக்கையில் சிக்னலைத் தொடாமல் கடத்தும் ட்ரூ பைபாஸ் வகை பூஸ்ட்டை மிதித்ததும் ஒலி தெளிவடைவதாகப் பலர் சொல்வது வெறும் பிரமை அல்ல. எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஃபஸ் ஃபேஸ் போன்ற தாழ்ந்த உள்ளீட்டு மின்மறுப்புள்ள பெடலுக்கு முன்னால் பூஸ்ட்டை வைத்தால், கிட்டார் குமிழைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் அழகான வசதி பெரிதும் பறிபோகிறது.

‘கிளீன்’ என்ற பெயரை அப்படியே நம்புவதும் சரியல்ல. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் 26 டெசிபல் வரை, அதாவது சுமார் 20 மடங்கு கூட்டும். 0.3 வோல்ட் உச்சம் அங்கே 6 வோல்ட் ஆக வேண்டும். 9 வோல்ட் மின்கலத்தில் மேலும் கீழும் நாலரை வோல்ட்டுக்கு மேல் இடமில்லை. எனவே குமிழை முழுதாகத் திருகிவிட்டு ஓங்கி மீட்டினால் பெடலே சிதைக்கும். 18 வோல்ட்டில் இயங்கும் பெடல்களுக்கு மதிப்பு கூடியது இந்த இடப்பற்றாக்குறையால்தான்.

பூஸ்ட் இரைச்சலைக் கூட்டும் என்ற குறை மட்டும் பாதி உண்மை. சிங்கிள் காயில் பிக்கப்பின் ‘ம்ம்’ ஒலியும் சிக்னலோடு சேர்ந்து பெருகத்தான் செய்யும். ஆனால் பெடல் வரிசையின் தொடக்கத்தில் வைத்தால், பின்னால் வரும் பெடல்கள் சேர்க்கும் இரைச்சலைவிட சிக்னல் உயர்ந்து நிற்கும்.

இதன் சாரத்தை ஒரே சோதனையில் காதால் அறியலாம். குமிழைத் தொடாமல் ஒரே பூஸ்ட்டை முதலில் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னும், பிறகு பின்னும் வைத்து, தெளிவான ஒலிக்கு அமைத்த ஆம்பில் வாசித்துப் பார்த்தால் போதும். முன்னால் வைத்தால் கூடுவது கரகரப்பு. பின்னால் வைத்தால் கூடுவது சத்தம்.