நேர்காணலில் உங்களைக் கவிழ்ப்பது இங்கிலீஷா, ‘நாங்க’ என்ற வார்த்தையா?

"உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் என்ன?"

கேம்பஸ் நேர்காணலில் இதைவிட எளிதான கேள்வி இருக்க முடியாது. "நாங்க நாலு பேர் சேர்ந்து தானியங்கி நீர்ப்பாசன சிஸ்டம் பண்ணோம் சார்" என்று பதிலும் உடனே வந்துவிடும். சிக்கல் அடுத்த கேள்வியில்தான்.

"சரி, அதுல நீங்க என்ன பண்ணீங்க?"

சட்டென்று ஓர் அமைதி. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வருகிறார் அந்த மாணவர். வாசலில் காத்திருக்கும் நண்பர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "இங்கிலீஷ் சரியா வரலடா."

அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா? நம்மில் பலருக்கும் நேர்மையான பதில், ‘இல்லை’ என்பதுதான். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக நேர்காணல் அறைக்குள் போகும் ஒருவருக்கு, தோல்வியின் காரணம் தவறாகப் புரிந்துபோனால் இழப்பு பெரிது. அடுத்த மூன்று மாதத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மட்டும் செலவழித்துவிட்டு, அதே கேள்வியில் மறுபடியும் நிற்பார்.

எதிரில் இருப்பவர் எதைத் தேடுகிறார்?

புதியவர்களை எடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் ஆன்லைன் தேர்வு முதலில் வரும். பிறகு டெக்னிக்கல் ரவுண்ட், கடைசியில் ஹெச்.ஆர். ரவுண்ட். சில இடங்களில் குழு விவாதமும் உண்டு. நேர்முகமாக உட்காரும்போது உங்கள் மதிப்பெண், கல்லூரி, படிப்பு எல்லாம் எதிரில் இருப்பவர் கையில் இருக்கும். பேப்பரில் இல்லாத மூன்று விஷயங்களைத்தான் அவர் தேடுகிறார். இவர் நிஜமாகவே வேலை செய்வாரா? சிக்கல் வந்தால் என்ன செய்வார்? இவரோடு தினமும் சேர்ந்து வேலை பார்க்க முடியுமா?

"நான் கடின உழைப்பாளி", "டீம் பிளேயர்", "என் பலவீனம், நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்" போன்ற மனப்பாட வரிகள் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்வதில்லை. அன்று காலையில் இருந்து அதே வரிகளை அவர் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார்.

ஒரே புராஜெக்ட், ரெண்டு பதில்

அதே நீர்ப்பாசன புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பதில் இது: "மண் ஈரத்தை சென்சார் அளக்கும். ஈரம் குறைஞ்சா மோட்டார் தானா ஆன் ஆகும். விவசாயிகளுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்."

தவறு ஒன்றும் இல்லை. ஆனால், இதைச் சொல்ல அந்த புராஜெக்ட்டைச் செய்திருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படித்தால் போதும்.

இரண்டாவது பதில்: "சென்சார் பகுதி என் பொறுப்பு. முதல்ல விலை குறைவான, ரெண்டு கம்பி இருக்கிற சென்சார் வாங்கினேன். கொஞ்ச நாள்லயே கம்பி அரிச்சுப்போய் ரீடிங் மாற ஆரம்பிச்சது. புரோகிராம்லதான் தப்புன்னு ரெண்டு நாள் தேடினேன். அப்புறம்தான் ஈர மண்ணில் கரண்ட் போனா அந்தக் கம்பி அரிக்கும்னு தெரிஞ்சது. கெபாசிட்டிவ் சென்சாருக்கு மாத்தினோம். ரீடிங் நிலையா வந்தது. திரும்பப் பண்ணா, வாங்கறதுக்கு முன்னாடியே இதை விசாரிப்பேன்."

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் ‘நான்’ என்ன செய்தேன் என்பது இருக்கிறது. செய்த தப்பும், அதிலிருந்து கற்றுக்கொண்டதும் இருக்கின்றன. கேட்பவர் அடுத்த கேள்வியை இதிலிருந்தே கேட்பார். அதாவது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கே நேர்காணலை நீங்கள் அழைத்துவந்துவிட்டீர்கள்.

நம் வளர்ப்பில் ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை. வீட்டிலும் பள்ளியிலும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். நேர்காணலில் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். நண்பர் செய்ததை அவர் பெயரிலேயே சொல்லுங்கள், நீங்கள் செய்ததை உங்கள் பெயரில் சொல்லுங்கள். அது பெருமை இல்லை, கணக்கு.

காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட்டா?

இதைப் பேசாமல் போக முடியாது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ரெடிமேடாக வாங்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வைவா வரை தாங்கும். நேர்காணலில் ‘ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீங்க?’ என்ற ஒரு கேள்விக்குத் தாங்காது.

வாங்கியாகிவிட்டது என்றால், அதை மறைக்கப் பயிற்சி எடுக்க வேண்டாம். இப்போதே திறந்து பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் எடுத்து, கழற்றி, நீங்களே முதலில் இருந்து செய்து பாருங்கள். பத்து நாள் போதும். அந்தப் பத்து நாளில் நடந்த சொதப்பல்கள்தான் உங்களுடைய உண்மையான புராஜெக்ட்.

எப்படித் தயாராவது?

நூறு கேள்வி-பதில் வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஐந்து சம்பவங்கள் போதும். நீங்கள் சரிசெய்த ஒரு சிக்கல், செய்த ஒரு தப்பு, கருத்து மோதல் வந்த ஒரு சமயம், நீங்களாகவே கற்றுக்கொண்ட ஒன்று, பொறுப்பெடுத்து நடத்திய ஒன்று. எல்லாம் கல்லூரிக்குள்தான் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டை எக்செல்லுக்கு மாற்றியதும், ஊர்த் திருவிழாவில் வசூல் கணக்குப் பார்த்ததும் நல்ல சம்பவங்களே.

ஒவ்வொன்றையும் நான்கு வரியில் எழுதுங்கள்: நிலைமை என்ன, என் வேலை என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. பிறகு போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் சுருக்குங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. வாய்விட்டுச் சொன்னால்தான் எங்கே திணறுகிறோம் என்பது தெரியும்.

வேலை அறிவிப்பையும் ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். ‘வாடிக்கையாளரிடம் பேச வேண்டும்’ என்று இருந்தால், உங்கள் ஐந்தில் எது அதற்குப் பொருந்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ நேர்காணல் என்றால் முந்தைய நாளே அதே இடத்தில், அதே நெட்டில் நண்பரோடு பேசிப் பாருங்கள்.

தெரியாத கேள்வி வந்தால்? "தெரியாது சார்" என்று நிறுத்திவிடாமல், "இது நேரடியா தெரியாது. ஆனா, இப்படித்தான் கண்டுபிடிக்க ஆரம்பிப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். உருட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்போ இங்கிலீஷ் தேவையே இல்லையா?

தேவைதான். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு அது ஒரு கருவி. ஆனால், எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பது புரியும்படியான சின்னச் சின்ன வாக்கியங்கள், அலங்காரம் இல்லை. ஐந்து சம்பவங்களையும் முதலில் தமிழில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பிறகு எளிய இங்கிலீஷில் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் தப்பே இல்லை.

சிவில் சர்வீசஸ் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் அந்த நேர்காணலையும் தமிழிலேயே சந்திக்கலாம். நாட்டின் உயர் பணிகளுக்கே மொழி வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

சம்பளம் பற்றிக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். ஆண்டுக்கு 3.6 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் 30,000 ரூபாய் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, பணிக்கொடை, காப்பீடு, செயல்திறனைப் பொறுத்த தொகை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கலாம். உங்கள் பங்கு பி.எஃப். தனியாகப் பிடிக்கப்படும். ஆஃபர் வந்த பிறகு, "மாசம் கைக்கு எவ்வளவு வரும்? பாண்ட் இருக்கா?" என்று ஹெச்.ஆரிடம் பணிவாகவே கேளுங்கள். வேலைக்காக முன்பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நிறுவனங்களுக்கும் ஒரு கேள்வி

தயாராக வேண்டியவர்கள் இளைஞர்கள் மட்டும்தானா? 1998-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட, யார் நன்றாக வேலை செய்வார் என்பதைச் சரியாகக் கணித்தது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கு நேர்காணலையே நீக்கியது. சிபாரிசுக்கும் பாரபட்சத்துக்கும் அது வழிவிடுகிறது என்ற கவலையே காரணம்.

ஐந்து நிமிடப் பேச்சில், உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடும் நிறுவனம் நல்ல ஆட்களை இழக்கிறது. ‘அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்பதற்குப் பதில், ‘நீங்க என்ன பண்ணீங்க?’ என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கட்டும்.

அது மாறும்வரை, நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். இன்றிரவு ஒரு தாள் எடுங்கள். ‘நாங்க’ என்று தொடங்கும் உங்கள் புராஜெக்ட்டை, ‘நான்’ என்று தொடங்கி ஐந்து வரி எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, தயாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.