வெனிஸ் நகரத்துச் சபை வீடு

தொடையிலுள்ள புண்ணைச் சுட்டிக் காட்டி நிற்கும் வழிப்போக்கர். அவர் காலடியில் ரொட்டியைக் கவ்விய நாய். புனித ரோக்குவின் இந்தச் சுரூபத்தை நம் பங்கு மக்களிற் பலர் அறிவர். கொள்ளைநோய்க் காலங்களில் நம் முன்னோர் நாடிய பாதுகாவலர் அவர். அவர் பெயரால் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் பொதுநிலையினர் எழுப்பிய சபை வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் வரலாற்றையும், அதனைச் சுற்றிப் படர்ந்த கதைகளையும் இம்மாதம் காண்போம்.

சான் ரோக்கோ சகோதரர் சபை 1478-இல் தோன்றியது. குருக்களோ பிரபுக்களோ அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்க இயலாது. வணிகரும் தொழில் செய்வோருமான குடிமக்களே அதனை நடத்தினர். நோயாளிகளைச் சந்தித்தல், ஏழைப் பெண்களுக்குச் சீதனம் அளித்தல், ஆதரவற்றோரை அடக்கம் செய்தல் ஆகியன அவர்தம் கடமைகள். நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் செய்யும் பணிகளை நினைத்துக் கொண்டால் போதும்.

1485-இல் புனிதரின் திருவுடல் வெனிஸ் வந்து சேர்ந்தது. வோகேரா என்னும் ஊரிலிருந்து அதனை இரகசியமாகக் கவர்ந்து வந்தனர் என்பது ஒரு கதை. பிரான்சு நாட்டு மோன்பெலியேயிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. கள்ளத்தனமாய் வந்த புனிதப் பொருளுக்கு அக்காலத்தார் வெட்கப்படவில்லை. புனிதரே விரும்பித்தான் வந்தார் என்று சொல்லிக் கொண்டனர்! வீட்டை அடுத்துள்ள கோவிலின் பலிபீடத்தில் அத்திருவுடல் வைக்கப்பட்டுள்ளது.

அதே கோவிலில் சிலுவை சுமக்கும் ஆண்டவரின் ஓவியம் ஒன்று இருந்தது. ஜோர்ஜோனே வரைந்தார் என்பர் சிலர். தித்தியன் என்பர் வேறு சிலர். ஏறத்தாழ 1520 முதல் அது புதுமை செய்வதாகப் புகழ் பரவவே, காணிக்கை வெள்ளமெனப் பாய்ந்தது. அவ்விரு ஓவியரும் தம் வாழ்நாள் முழுதும் ஈட்டியதைவிட அப்படம் ஈட்டியது மிகுதி என எழுதி வைத்தார் வசாரி. 1517-இல் தொடங்கிய சபை வீடு இவ்வாறு தூண்களும் பளிங்கும் படிக்கட்டுகளுமாய் வளர்ந்து, 1560-இல்தான் முடிந்தது.

இவ்வளவு செலவும் யாருடைய பணம்? 1541-இல் அலெஸ்ஸாந்திரோ கராவியா என்னும் நகை வணிகர் இதனைக் கேட்டே விட்டார். ஏழைகளுக்கெனச் சேர்ந்த பணம் சுவர்களுக்கும் ஆடம்பரத்துக்கும் போகின்றதென்று ஒரு நெடுங்கவிதையில் இச்சபையை அவர் எள்ளி நகையாடினார். கோவில் கட்டக் கணக்கெழுதும் எம்போன்ற பங்குக் குருக்களுக்கு இன்றும் சுடுகின்ற கேள்வி இது.

இனி, யாவரும் விரும்பிச் சொல்லும் கதைக்கு வருவோம். 1564-இல் உள்ளறையின் விதானத்துக்கு ஓவியம் வேண்டி, வெரோனேசே உள்ளிட்ட சிலரிடம் மாதிரி கேட்டது சபை. தின்தொரெத்தோ என்ற பெயருக்குச் ‘சிறிய சாயக்காரன்’ என்பது பொருள். அவர் தந்தை துணிக்குச் சாயமிடுபவர். அவருக்கு இப்பணி கிட்டாதிருந்தால் 15 டுகாட் தருவதாக உறுப்பினர் ஒருவர் வாக்களித்திருந்தாராம்! மற்றவர் மாதிரிகளோடு வந்து நிற்க, இவரோ முழு ஓவியத்தையே எழுதி முடித்து, விதானத்தில் பொருத்தியும் விட்டார். சீறியவர்களிடம், தமக்கு வரையத் தெரிந்த முறை இதுவே என்றும், ஊதியம் தர மனமில்லையேல் புனிதருக்குக் காணிக்கையாகக் கொள்க என்றும் கூறினாராம். புனிதருக்கென வந்த காணிக்கையை எப்படி மறுப்பது? ஓவியம் அங்கேயே நின்றது. அவருடைய சாமர்த்தியத்தை நாம் முழுதும் மெச்சவில்லை; போட்டியாளர்க்கு அது நீதியன்று. ஆயினும் மறு ஆண்டே சபையின் உறுப்பினரான அவர், 12 மீட்டர் அகலமுள்ள சிலுவைப்பாடு ஓவியத்தை அவ்வறையில் எழுதினார். அதன் முன் நிற்போர் வாயடைத்துப் போவர்.

1575 முதல் 1577 வரை கொள்ளைநோய் வெனிஸ் மக்களில் நாலில் ஒரு பங்கினரையேனும் வாரிச் சென்றது. அந்நாட்களில்தான் மேல்மாடப் பெருமண்டபத்தின் விதானத்தை அவர் கையேற்றார். மோசே பாறையினின்று நீர் வரவழைத்தல், வெண்கலப் பாம்பு, மன்னா: இம்மூன்றும் நடுவே நிற்கின்றன. தாகம், நோய், பசி. சபையார் துடைக்க வேண்டிய மூன்று துயரங்களும் அவர்தம் தலைக்கு மேலேயே எழுதப்பட்டன. கராவியாவின் கேள்விக்கு இது முழு விடை என எழுத நாம் துணியோம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் கீழ் அமர்ந்தே அவர்கள் பணத்தைப் பங்கிட வேண்டியிருந்தது.

1577-இல் தின்தொரெத்தோ, ஆண்டுக்கு 100 டுகாட் வீதம் ஆயுள் வரை பெற்றுக் கொண்டு, புனிதரின் திருநாள்தோறும் மூன்று ஓவியங்கள் தர ஒப்பினார். ஆகஸ்டு 16-ஆம் நாளாகிய அத்திருநாளில் நகரத் தலைவரான ‘தோஜே’ ஆண்டுதோறும் நன்றி செலுத்த இங்கு வருவார்.

நெப்போலியன் ஆட்சியில், 1806-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெனிஸின் இத்தகைய சபைகள் கலைக்கப்பட்டன. அவற்றின் உடைமைகள் சிதறின. சான் ரோக்கோ சபை மட்டும் வீட்டோடும் ஓவியங்களோடும் தப்பியது. அச்சபை இன்றும் இயங்குகிறது. அண்ணாந்து பார்ப்போரின் கழுத்து நோவாதிருக்க, மண்டபத்தில் கைக்கண்ணாடிகள் வைத்திருக்கின்றனர். குனிந்து கண்ணாடிக்குள் நோக்கினால் மன்னா பொழிவது தெரியும்.