ஊனம் காலிலா, கருத்திலா?

"போன பிறவியில் செய்த பாவம்!" கால் நலிந்த குழந்தையைக் கண்டதும் நம் நாட்டு நாவில் முதலில் எழும் சொல் இது. மருத்துவர் காரணம் கூறுமுன்னே தலைவிதி காரணம் கூறிவிடுகிறது. பழியைப் போன பிறவியின் தலையில் போட்டுவிட்டால், இந்தப் பிறவியில் எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை பாருங்கள்!

1981-இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தால், பரதம் பயின்ற இளநங்கை சுதா சந்திரன் வலக்காலை இழந்தார். விதி தீர்ப்பெழுதிவிட்டது என்றனர். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் ரப்பரைக் கொண்டு உருவாக்கிய ஜெய்ப்பூர் செயற்கைக்கால், அத்தீர்ப்பைத் திருத்தியது. 1984-இல் மும்பை மேடையில் அவர் மீண்டும் ஆடினார். நேர்த்திக்கடனா கால் தந்தது? அறிவு தந்தது, பயிற்சி ஆட வைத்தது!

"அற்புதம்" என்று கைதட்டினர். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். ஒருவரை அற்புதமாக்கிவிட்டால், மற்றவர்க்கு வழி அமைக்கும் கடமை தீர்ந்துவிடுகிறதல்லவா? வானூர்தி நிலையச் சோதனையில் செயற்கைக்காலைக் கழற்றச் சொல்கிறார்களே என்று 2021-இல் அவரே வெளிப்படையாக முறையிட நேர்ந்தது. அதன் பிறகே மன்னிப்பு வந்தது!

இங்கிலாந்தில் நவீன நடனக் கலைஞர் செலஸ்ட் டான்டெக்கர், மேடையிலேயே விழுந்து நடக்கும் ஆற்றலை இழந்தவர். 1991-இல் ஆடம் பெஞ்சமினுடன் காண்டோகோ நடனக் குழுவைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்போரும் காலூன்றி நிற்போரும் அங்கே சேர்ந்தாடினர். நாற்காலியை எவரும் மறைக்கவில்லை. நடனத்தின் இலக்கணம் விரிந்தது.

உடலைச் சபிக்கும் சமுதாயம் உள்ளத்தை எப்படி நடத்தும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோய் தீருமென நம்பிக் கொண்டுவரப்பட்டோர் 28 பேர் தீயில் மடிந்தனர். ஓடித் தப்ப முடியாதபடி சங்கிலி! மருந்தைத் தேடவேண்டிய கைகளுக்கு விலங்கு!

2016-ஆம் ஆண்டின் சட்டம், மனநோய் உள்ளிட்ட 21 வகையினரின் உரிமையை ஏற்கிறது. சட்டம் உரிமை என்கிறது. ஊர் இன்னும் ஊழ் என்கிறது.

கம்மாபுரத்தில் நின்று கேட்கிறோம், தோழர்களே! நம் விழா மேடைகளுக்குச் சாய்தளம் உண்டா? ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிகளே. ஆடத் துடிக்கும் கால் நலிந்த பிள்ளையைத் திரை இழுக்க நிறுத்துகிறோம். அதையும் இரக்கம் என்று எண்ணிக்கொள்கிறோம்!

அடுத்த விழாவில் அந்தப் பிள்ளை மேடையேறட்டும். திரையை நாம் இழுப்போம்.