சிறையும் வேண்டாம், கடையும் வேண்டாம்

சென்னை விமான நிலையத்தில் தங்கம் தேடிக்கொண்டிருந்த சுங்கத் துறையினருக்குச் சமீப ஆண்டுகளில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து வந்திறங்கும், கூலிக்குச் சரக்கு சுமக்கும் ‘குருவி’களின் பெட்டிகளில், தின்பண்டப் பாக்கெட்டுகளுக்கு நடுவே, ஹைட்ரோபோனிக் கஞ்சா சிக்குகிறது. மண் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், சத்துக் கரைசலில் வளர்க்கப்படும் சரக்கு இது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலேறி வரும் கஞ்சாவைவிட இதில் போதையும் அதிகம், விலையும் அதிகம்.

இந்தப் பெட்டிகளின் கதை தாய்லாந்தில் தொடங்குகிறது. 2022 ஜூன் 9 அன்று அந்த நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆசியாவில் அதற்கு முன் எந்த நாடும் அந்த அளவுக்குப் போனதில்லை. மருத்துவத்துக்காக, விவசாயிகளின் வருமானத்துக்காக என்றுதான் சொன்னார்கள். கஞ்சா வழக்குகளில் சிறையிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். அது நியாயமான காரியம். ஆனால், விற்பனையை நெறிப்படுத்தும் முழுமையான சட்டம் மட்டும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. அவசர அறிவிப்புகளை வைத்தே ஒப்பேற்றினார்கள். அதற்குள் தெருவுக்குத் தெரு ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்துவிட்டன. 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டபோது, அந்தக் கடைகளை நம்பி முதல் போட்டவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். திறப்பதற்கு ஒரு நாள் போதும். திறந்ததை மூடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மூன்றாண்டுகள் காட்டின.

இந்தியாவிலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதைக் கேட்பவர்களையெல்லாம் போதைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் இதற்குச் ‘சிவமூலி’ என்றே பெயர். 1893-ல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, தடைக்கு அவசியமில்லை என்று 1894-ல் அறிக்கை தந்தது. இதே செடியின் இலையில் அரைக்கும் பாங்கு இன்றைய சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வரவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடக்கின்றன. மதுவால் சாகிறவர்களின் எண்ணிக்கையோடு கஞ்சாவை ஒப்பிடவே முடியாது என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால், 1894-ன் ஆணையம் பார்த்த கஞ்சா வேறு, இன்று இளைஞர் கைக்கு வருவது வேறு. அமெரிக்காவில் பறிமுதலாகும் கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 1990-களின் நடுவில் 4 சதவீத அளவில் இருந்தது. இப்போது 15 சதவீதத்தையும் தாண்டுகிறது. வீரியம் கூடிய சரக்கைப் பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூளையின் வளர்ச்சி இருபது வயதுக்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடர்கிறது. யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் மகனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வரும் தாயிடம், மதுவைவிட இது பரவாயில்லை என்ற ஒப்பீட்டைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வாதம் வருவாய். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்பவர்களைப் பார்த்து நமக்கு ஆற்றாமைதான் வருகிறது. 1937-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் மதுவோடு கஞ்சா உள்ளிட்ட போதைப் பொருள்களையும் சேர்த்தேதான் தடுத்தது. 1971-ல் அந்தத் தடையிலிருந்து மது மட்டும் வெளியே வந்தது. நடுவில் சில முறை மூடித் திறந்து, 1983-ல் டாஸ்மாக் பிறந்து, 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24 நிதியாண்டில் அதிலிருந்து கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2016, 2017, 2023 என மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். வருவாய் பெரிதாகக் குறையவில்லை, பக்கத்துக் கடையில் கூட்டம் கூடியது, அவ்வளவே. ஒரு போதையின் பணத்தைக் கஜானா ருசி கண்டுவிட்டால், எந்தக் கட்சி ஆண்டாலும் அதை விட முடிவதில்லை. அரை நூற்றாண்டாக நாம் கண்ணால் பார்க்கும் இந்தப் பாடத்தை, கஞ்சா விற்பனையை அனுமதித்த அமெரிக்க மாநிலமான கொலராடோவின் வரிக் கணக்கைக் காட்டி யாரும் மறக்கடிக்க வேண்டாம்.

அரசுக் கடை வந்தால் கள்ளச் சந்தை ஒழியும் என்பதையும் நாம் ஏற்கவில்லை. டாஸ்மாக் இருக்கும் மாநிலத்தில்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடைச் சரக்கு வாங்கக் கட்டுப்படியாகாத ஏழை கள்ளச் சரக்கைத்தான் தேடிப் போகிறான். கஞ்சாவிலும் அதுவே நடக்கும்.

ஆகவே கடை வேண்டாம் என்கிறோம். அதே உறுதியோடு சிறையும் வேண்டாம் என்கிறோம். இன்றைய சட்டம் செய்யும் அநியாயத்துக்கு நாம் துணை போக முடியாது.

1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா புகைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு பொட்டலத்தைப் பையில் வைத்திருந்தால் ஓராண்டு வரை. புகைத்ததைவிட வைத்திருந்ததற்குத் தண்டனை இருமடங்கு! 2014 வரை இரண்டுக்கும் ஆறு மாதம்தான். அந்த ஆண்டுத் திருத்தம்தான் இதை இரட்டிப்பாக்கியது. சட்டத்தின் கணக்கில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. ஐந்து கிராம் பொட்டலத்தோடு பிடிபடும் கல்லூரி மாணவனும், தொள்ளாயிரம் கிராமை வைத்துப் பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் போடுகிறவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். இதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. ‘கஞ்சா வேட்டை’ என்று காவல் துறை இறங்கும்போது எண்ணிக்கைக்கு எளிதில் அகப்படுவது யார்? மலையடிவாரத்தில் லாரி ஏற்றிவிடும் மொத்த வியாபாரியா? குடிசைப் பகுதிச் சந்தில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனா? வக்கீல் வைக்க வழியில்லாத அவன்தான் உள்ளே போகிறான். ஒரு பொட்டலத்தோடு உள்ளே போனவன் பத்து வியாபாரிகளின் பழக்கத்தோடு வெளியே வருகிறான். பிறகு அரசு வேலையின் போலீஸ் விசாரணையிலும் பாஸ்போர்ட் விசாரணையிலும் அந்தப் பழைய வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, பாங்கையும் சேர்த்து, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் சொன்னது. அந்த 72 லட்சம் பேருக்கும் தேவை மருத்துவர். வழி சட்டத்திலேயே இருக்கிறது. சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமையானவர் மீது சிறு குற்றங்களுக்கு வழக்கு நடத்தக் கூடாது என்கிறது 64ஏ பிரிவு. இப்படி ஒரு பிரிவு இருப்பதைப் பிடிபட்டவனுக்கு யார் சொல்கிறார்கள்?

போர்ச்சுகல் 2001-ல் இதற்கு ஒரு வழி கண்டது. விற்பனை இன்றும் அங்கே குற்றம். பத்து நாளைக்கான அளவுக்குள், கஞ்சாவென்றால் 25 கிராமுக்குள், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் அடங்கிய சிறு குழுவின் முன் போய் உட்கார்கிறார். தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் சமூக நீதி அமைச்சகமே 2021-ல், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தது. அது கோப்பிலேயே தூங்குகிறது.

அந்தக் கோப்பை எழுப்புங்கள். ஒரு கிலோ வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு விலக்கு அளித்தால் அது வியாபாரிக்குத்தான் கொண்டாட்டம். ஆகவே, சொந்தப் பயன்பாட்டின் எல்லையைக் கிராம் கணக்கில் தனியே எழுதுங்கள். அதற்குள் பிடிபடுபவருக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு போதும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பவர் மீது தண்டனை இன்னும் கடுமையாகட்டும். வலிப்பு நோய்க்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தை அமெரிக்கா 2018-லேயே ஏற்றுக்கொண்டது. அத்தகைய ஆராய்ச்சிக்கும் உரிமம் தாராளமாகக் கிடைக்கட்டும். சட்டத் திருத்தம் தில்லியின் கையில். 64ஏ பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒட்டுவதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசு இந்த வாரமே செய்யலாம்.